அந்த சிம்மை நிறுத்தாதீர்கள், டீச்சர்

கேள்வி: என் கணவர் பொதுப்பணித்துறையில் பாசனப் பிரிவில் வேலை பார்த்தவர். 2006 முதல் 2015 வரை பிளாகரில் ஒரு வலைப்பூ எழுதினார். அரசலாறு, குடமுருட்டிப் பக்கத்து வாய்க்கால்கள், மதகுகள், அவற்றைப் பார்த்துக்கொள்ளும் லஸ்கர்களின் (கடைநிலை ஊழியர்களின்) பேச்சுவழக்கு என்று 312 பதிவுகள். 2010-இல் சொந்தமாக ஒரு டாட் காம் பெயர் வாங்கி அதோடு இணைத்தார். முந்தின வருடம் ஆவணியில் காலமாகிவிட்டார். சில மாதங்களாக அந்த முகவரியைத் திறந்தால் சூதாட்ட விளம்பரம் வருகிறது. கம்ப்யூட்டர் கடைக்காரர், 'ஹேக் பண்ணிட்டாங்க, மீட்டுத் தர 25,000 ஆகும்' என்கிறார். மகன், இருப்பதையெல்லாம் ஃபேஸ்புக்கில் போட்டுவிடலாம் என்கிறான். 2002 வாக்கில் அவர் எழுதியவை ஒரு சிடியில் இருக்கின்றன, திறந்தால் ஒரே கிறுக்கலாகத் தெரிகிறது. இணையத்தில் விட்டு வைத்தால் ஏஐ கம்பெனிகள் எடுத்துக்கொள்ளும் என்றும் பயமுறுத்துகிறார்கள். என்ன செய்யலாம்? இன்னொன்று, அவருடைய செல்போனை பீரோவில் வைத்து மாதாமாதம் ரீசார்ஜ் மட்டும் செய்துவருகிறேன். வீண் செலவுதானே, இந்த மாதத்தோடு நிறுத்திவிடலாமா?

– ஓய்வுபெற்ற தமிழாசிரியை, கும்பகோணம் பக்கம் (நீண்ட கடிதத்தின் சுருக்கம்)

பதில்:

டீச்சர், வணக்கம்.

மற்றதையெல்லாம் விளக்கமாகக் கேட்டுவிட்டு, கடைசியில் பால் கணக்கு மாதிரி ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதைப் படித்ததும்தான் திக்கென்றது. ரீசார்ஜை நிறுத்தாதீர்கள். ஹேக், ஃபேஸ்புக், ஏஐ எல்லாம் ஒரு மாதம் காத்திருக்கும். இது காத்திருக்காது.

நம் நாட்டில் ப்ரீபெய்டு எண் ஒன்றை 90 நாள் யாரும் பயன்படுத்தாமல் விட்டால் கம்பெனி அதைத் துண்டிக்கலாம். துண்டித்த எண்ணை இன்னொரு 90 நாள் சும்மா வைத்திருந்துவிட்டு வேறு யாருக்காவது கொடுத்துவிடுவார்கள். அப்புறம் சாருடைய ஜிமெயிலுக்குள் நுழைய நீங்கள் முயன்றால், வருகிற ஓடிபி முன்பின் தெரியாத ஒருவர் சட்டைப் பையில் போய் விழும். ஆகவே ரீசார்ஜோடு இன்னொன்றும் செய்யுங்கள். மாதம் ஒருமுறை அந்த போனை இயக்கி உங்கள் நம்பருக்கே ஒரு கால் போட்டு, இரண்டு வார்த்தை பேசி வையுங்கள். எண் பயன்பாட்டில் இருப்பதற்கு அது சாட்சி.

ஜிமெயிலுக்கும் வலைப்பூவுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். பிளாகர் 2003-இலிருந்து கூகுளுடையது. சாருடைய வலைப்பூ, அதில் ஏற்றிய படங்கள், பின்னூட்டங்கள் எல்லாம் அவருடைய கூகுள் கணக்கோடு கட்டப்பட்டவை. 2023 மே மாதம் கூகுள் ஓர் அறிவிப்பு வெளியிட்டது: இரண்டு ஆண்டுகள் யாரும் உள்ளே வராத தனிநபர் கணக்குகளை நீக்குவோம் என்று. அந்த டிசம்பரிலிருந்து நீக்கவும் தொடங்கினார்கள். சொல்லாமல் கொள்ளாமல் செய்வதில்லை, முன்கூட்டியே எச்சரிக்கை அனுப்புகிறார்கள். ஆனால் எங்கே அனுப்புவார்கள்? அதே ஜிமெயிலுக்கும், அவர் மாற்று முகவரி கொடுத்திருந்தால் அதற்கும். இரண்டையும் திறக்க ஆளில்லை. பூட்டிய வீட்டின் கதவிடுக்கில் தபால்காரர் போட்டுவிட்டுப் போன கடிதம்தான்.

வருகிற ஆவணியில் இரண்டு வருடம் நிறைகிறது. இன்னும் ஐந்தாறு மாதம்தான் கையில் இருக்கிறது. போனை நடுவில் எப்போதாவது இயக்கினீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. இயக்கியிருந்தால் நாள்கணக்கு கொஞ்சம் தள்ளிப் போயிருக்கலாம், ஆனால் அதை நம்பி உட்கார்ந்திருக்க வேண்டாம்.

போனை பீரோவிலிருந்து எடுத்ததும் முதலில் பின்பக்கத்தைத் தடவிப் பாருங்கள். உப்பியிருந்தால், அல்லது திரை ஒரு பக்கம் தூக்கிக்கொண்டிருந்தால், சார்ஜில் போடாதீர்கள். ரொம்ப நாள் சும்மா கிடந்த பேட்டரி உப்பும், தீப்பிடிக்கவும் வாய்ப்புண்டு. பேட்டரியை மட்டும் மாற்றித் தரச் சொல்லி, மாற்றும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருங்கள். சரியாக இருந்தால் சார்ஜ் போட்டு, வீட்டு வைஃபையில் இணைத்து, ஜிமெயிலைத் திறந்து ஒரு கடிதத்தைப் படியுங்கள். கூகுளுக்கு அவ்வளவு போதும், ஒரு கடிதம் படித்தாலே கணக்கு உயிரோடு இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளும். போனைத் திறக்கும் எண் எது என்று கடிதத்தின் ஓரத்தில் எழுதியிருந்தீர்கள். (அச்சில் அதை எடுத்துவிட்டேன். இனி யாருக்கும் எழுதாதீர்கள், டீச்சர்!)

மூன்று காரியங்கள் மட்டும் கூடாது. போனை ரீசெட் செய்யக் கூடாது, கணக்கிலிருந்து வெளியேறு என்ற பொத்தானைத் தொடக் கூடாது, 'நான் பாத்துத் தரேன்' என்று கேட்கும் எந்தக் கடையிலும் ஒரு ராத்திரிகூட விட்டுவிட்டு வரக் கூடாது.

கடவுச்சொல் தெரியாது என்கிறீர்கள். போனின் அமைப்புகளில் கூகுள் என்ற பகுதிக்குள் கடவுச்சொல் நிர்வாகி என்று ஒன்று உண்டு. போனைத் திறக்கும் எண்ணைக் கொடுத்தால் அது திறக்கும். சார் அங்கே சேமித்து வைத்திருக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது. இல்லையென்றால் 'மறந்துவிட்டேன்' வழியாகத்தான் போக வேண்டும். அதற்கு இந்த போனும் இந்த சிம்மும் உங்கள் வீட்டு வைஃபையும் ஒன்றாக இருப்பது பெரிய பலம். பழகிய கருவி, பழகிய இடம் என்றால் கூகுள் அவ்வளவு சந்தேகப்படாது. சென்னையில் மகன் வீட்டில் உட்கார்ந்து முயற்சி செய்யாதீர்கள்.

இதற்கெல்லாம் முறையான வழியும் ஒன்று இருக்கிறது. இறந்தவரின் கணக்கு பற்றிக் குடும்பத்தார் விண்ணப்பிக்க கூகுள் ஒரு படிவம் வைத்திருக்கிறது. இறப்புச் சான்றிதழ், உங்கள் அடையாள ஆவணம் எல்லாம் கேட்பார்கள். கடவுச்சொல்லைத் தரமாட்டார்கள், ஆனால் கணக்கிலுள்ள தரவைச் சில சமயம் தருவார்கள். நாளாகும், கிடைக்கும் என்று உத்தரவாதமும் கிடையாது. இருந்தாலும் இன்றே அதையும் போட்டு வையுங்கள். போன் திறக்காமல் போய்விட்டால் அதுதான் கதி.

இப்போது அந்த 25,000 ரூபாய்க்கு வருவோம்.

யாரும் ஹேக் செய்யவில்லை, டீச்சர். டாட் காம் பெயரை விலைக்கு வாங்குகிறோம் என்றுதான் பேச்சு, உண்மையில் அது வருடக் குத்தகை. வருடம் ஆயிரம் ரூபாய் சுமாருக்குக் கட்டிக்கொண்டே இருக்க வேண்டும். சார் ஒவ்வொரு வருடமும் கட்டியிருக்கிறார். அவர் போன பிறகு தவணை வந்திருக்கும், நினைவூட்டல் கடிதங்களும் வந்திருக்கும், அதே திறக்காத ஜிமெயிலுக்கு. டாட் காம் பெயர் காலாவதியானால் வழக்கமாக ஒரு மாதம், ஒன்றரை மாதம் சலுகை தருவார்கள். அதற்குமேல் 30 நாள், கூடுதலாகப் பணம் கட்டி மீட்டுக்கொள்ளலாம். கடைசியாக ஐந்து நாள் யாரும் தொட முடியாது. அதன்பின் சந்தைக்கு வந்துவிடும். இப்படி விழுகிற பெயர்களைப் பிடிக்கவே மென்பொருள் வைத்துக்கொண்டு காத்திருக்கும் ஆட்கள் இருக்கிறார்கள். பத்து வருடத்துக்கு மேல் ஓடிய, பல பேர் இணைப்புக் கொடுத்த பெயர் என்றால் அவர்களுக்கு லட்டு மாதிரி. தேடுபொறியிடம் சார் சம்பாதித்த நல்ல பெயரை வைத்துச் சூதாட்டக் கடை நடத்துகிறார்கள்.

சாருடைய எழுத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. வாசலில் மாட்டியிருந்த பெயர்ப்பலகையைத்தான் எவனோ எடுத்துக்கொண்டு போயிருக்கிறான். 312 பதிவுகளும் பிளாகரில் அப்படியே இருக்க வேண்டும். பிளாகர் முதலில் இலவசமாகக் கொடுத்த பழைய பிளாக்ஸ்பாட் முகவரியைத் தட்டினாலும் சூதாட்டப் பக்கத்துக்கே போகிறது என்று நீங்கள் சொல்வதற்குக் காரணம், வருகிற எல்லாரையும் டாட் காமுக்கு அனுப்பு என்று 2010-இல் சார் செய்துவைத்த ஏற்பாடு இன்றும் விசுவாசமாக வேலை செய்துகொண்டிருக்கிறது. பிளாகருக்குள் போய் அமைப்புகளில் தனிப்பயன் டொமைன் என்ற இடத்தில் அந்தப் பெயரை நீக்கினால், பழைய முகவரியிலேயே வலைப்பூ திறந்துகொள்ளும். மிஞ்சிப் போனால் இரண்டு நிமிட வேலை. கடைக்காரரைத் திட்டாதீர்கள், அவருக்கே இது தெரியாமல் இருக்கலாம். ஆனால் பணம் கொடுக்காதீர்கள்.

அந்தப் பெயரைத் திரும்ப வாங்கலாமா என்று மகன் கேட்பார். வேண்டாம். நீங்கள் விசாரித்த உடனே விலை ஏறும். 2010-க்குப் பிறகு சார் தன் பழைய பதிவுகளுக்குக் கொடுத்த இணைப்புகள் எல்லாம் அந்த டாட் காமைத்தான் காட்டும். 'மதகுப் பதிவை இங்கே பார்க்கவும்' என்று அவர் எழுதிய இடத்தில் யாராவது தட்டினால் சீட்டாட்டம் வரும். ஒவ்வொன்றாக உட்கார்ந்து மாற்ற வேண்டியதுதான். மகனுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை கொடுங்கள்.

வலைப்பூ திறந்ததும் அன்றைக்கே பிரதி எடுத்துவிட வேண்டும். இதில் எனக்கு ஒரு பழைய காயம் உண்டு. நான் முதன்முதலில் கட்டிய பக்கம் ஓர் இலவச இடத்தில் இருந்தது. மூடப்போகிறோம் என்று அவர்கள் ஆறு மாதம் முன்பே சொன்னார்கள். நான்தான் அடுத்த வாரம், அடுத்த வாரம் என்று தள்ளினேன். என் கட்டுரைகள் கைப்பிரதியில் இருந்தன, திரும்பத் தட்டச்சு செய்துகொண்டேன். விருந்தினர் பதிவேட்டில் டொராண்டோவிலிருந்தும் பாரிசிலிருந்தும் மட்டக்களப்பிலிருந்தும் ஆட்கள் எழுதிய நானூறு சொச்சம் குறிப்புகள் போயே போயின. அவற்றில் இரண்டு பேர் இன்று உயிரோடு இல்லை.

அதனால்தான் பின்னூட்டங்களைப் பற்றி அழுத்திச் சொல்கிறேன். பிரதி எடுப்பவர்கள் பலரும் பதிவை மட்டும் எடுத்துவிட்டு, கீழே இருப்பது வெறும் அரட்டை என்று விட்டுவிடுகிறார்கள். சார் எழுதிய காலம் தமிழ் வலைப்பூக்களின் கல்யாண சீசன். புதுப் பதிவுகளையெல்லாம் ஒரே இடத்தில் பட்டியலிட, 2004-இல் தொடங்கிய தமிழ்மணம் திரட்டியில் காலையில் பதிவு ஏறினால் மதியத்துக்குள் அறுபது பேர் வந்து உட்கார்ந்துவிடுவார்கள். 'மீ த ஃபர்ஸ்ட்டு' என்று ஒருவர் துண்டு போடுவார், இன்னொருவர் கும்மியடிப்பார், நடுவே ஒரு பெரியவர் வந்து, 'எங்கள் ஊரில் இதற்கு வேறு பெயர்' என்று ஒரு சொல்லைப் போட்டுவிட்டுப் போவார். பாசனம் பற்றி எழுதிய பதிவில் அந்த ஒரு சொல்லின் மதிப்பு என்னவென்று தமிழாசிரியையான உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வலைப்பூக்களின் புதுப் பதிவுகளை ஒரே இடத்தில் படிக்க உதவிய கூகுள் ரீடரை 2013 ஜூலை 1-இல் மூடினார்கள். அதற்கு முன்பே பாதிப் பேர் ஃபேஸ்புக்குக்குப் போய்விட்டிருந்தார்கள். சார் 2015 வரை எழுதியது பெரிய விஷயம். கடைசி இரண்டு வருடம் ஆளில்லாத கடையில் டீ ஆற்றியிருப்பார்.

கூகுள் டேக்அவுட் என்றொரு வசதி இருக்கிறது. சாருடைய கணக்கில் இருந்தபடி அதில் பிளாகர், போட்டோஸ் இரண்டையும் தேர்ந்தெடுத்துக் கொடுத்தால், எல்லாவற்றையும் மூட்டைகட்டி மின்னஞ்சலுக்கு இணைப்பு அனுப்புவார்கள். அந்த இணைப்பு ஏழு நாள் சுமாருக்குத்தான் செல்லும், வந்ததும் இறக்கிவிடுங்கள். பதிவுகளும் பின்னூட்டங்களும் அதில் இருக்கும். படங்கள் வந்திருக்கிறதா என்று திறந்து பார்க்காமல் வேலை முடிந்தது என்று எழுந்துவிடாதீர்கள். பிளாகரின் காப்புக் கோப்பில் பதிவின் எழுத்து மட்டும் இருக்கும், படம் இருக்க வேண்டிய இடத்தில் அதன் முகவரி மட்டுமே நிற்கும். கணக்கு போனால் அந்த முகவரிக்குப் பின்னால் ஒன்றும் இருக்காது. அதனால் இன்னொரு விதமாகவும் எடுத்துக்கொள்ளுங்கள். எச்டிடிராக் என்று இலவச மென்பொருள் ஒன்று, வலைத்தளத்தைப் படங்களோடு அப்படியே கணினிக்குள் நகலெடுத்து வைக்கும். இணையம் இல்லாமலே பதிவு பதிவாகத் திறந்து படிக்கலாம். வேறு தளங்களிலிருந்து வரும் படங்களையும் எடு என்ற விருப்பத்தை மகன் போட்டுக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் படங்களை விட்டுவிட்டு வந்துவிடும்.

2006, 2007 பதிவுகளில் படங்கள் ஏற்கெனவே தெரியவில்லை என்கிறீர்கள். அந்தக் காலத்தில் படத்தை வேறொரு இலவசத் தளத்தில் ஏற்றிவிட்டு இணைப்பை மட்டும் பதிவில் ஒட்டுவது வழக்கம். சார் எந்தத் தளத்தில் ஏற்றினார் என்று தெரியாது. ஃபோட்டோபக்கெட் போன்ற பெரிய தளமே 2017-இல், இனி வெளியே படம் காட்ட வேண்டுமானால் வருடம் 399 டாலர் கட்டு என்று சொல்லி, உலகம் முழுக்க லட்சக்கணக்கான பக்கங்களில் படங்கள் ஒரே நாளில் காணாமல் போயின. அமெரிக்காவின் பியூ ஆய்வு நிறுவனம் 2024-இல் எண்ணிப் பார்த்துச் சொன்னது: 2013-இல் இருந்த வலைப்பக்கங்களில் 38 சதவீதம் பத்து வருடத்தில் இல்லாமல் போயின. உங்களுக்கு மட்டும் நடந்த அநியாயம் என்று நினைக்காதீர்கள்.

அவை கிடைக்க ஒரு வழி இருக்கிறது. பழைய வலைப்பக்கங்களைச் சேமித்து வைக்க இன்டர்நெட் ஆர்க்கைவ் என்ற அமைப்பு நடத்தும் வேபேக் மெஷினில் அந்தப் பழைய டாட் காம் முகவரியைத் தட்டுங்கள். பிளாக்ஸ்பாட் முகவரியைத் தனியாக இன்னொரு முறை தட்டுங்கள். நாள்காட்டி மாதிரி ஒன்று வரும், வட்டமிட்ட தேதிகளில் அந்தப் பக்கத்தை அவர்கள் நகலெடுத்து வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். எல்லாப் படமும் இருக்காது. ஆனால் நான் தேடிக் கொடுத்த பல வீடுகளில் நாலு, ஐந்து படமாவது கிடைத்திருக்கிறது. மதகின் மேல் பொறித்த ஆண்டு தெரிகிறபடி சார் எடுத்த படங்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த மதகுகளில் எத்தனை இன்னும் அப்படியே நிற்கின்றன என்று யோசித்தால், ஐந்து கிடைத்தாலும் லாபம்தான். வலைப்பூ திறந்ததும் முக்கியமான பதிவுகளை அங்கேயே 'இந்தப் பக்கத்தைச் சேமி' என்று கொடுத்து நீங்களும் ஏற்றி வையுங்கள். அது ஒன்றையே நம்பிவிடவும் வேண்டாம். 2024 அக்டோபரில் அவர்கள் தளத்தையே ஹேக்கர்கள் தாக்கி, சில நாட்கள் அது முடங்கிக் கிடந்தது.

இனி சிடி. எனக்கு இதில் ஆசை அதிகம், கொஞ்சம் நீட்டினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

2002-இல் நம் வீடுகளில் இருந்தவை பெரும்பாலும் விண்டோஸ் 98 கணினிகள். எல்லா மொழிகளுக்கும் பொதுவான குறியீட்டு முறையான யூனிகோடில் தமிழ் 1991-லேயே சேர்ந்துவிட்டது என்றாலும், விண்டோஸ் 2000-இல்தான் லதா எழுத்துருவோடு தமிழ் உள்ளே வந்தது. அதுவரை ஆளுக்கொரு எழுத்துரு. தமிழ்நாடு அரசே யூனிகோடை ஏற்று ஆணை போட்டது 2010-இல்தான். ஆகவே சிடியில் இருப்பது கெட்டுப்போன கோப்பு இல்லை, பூட்டிய கோப்பு. எந்தச் சாவி என்று கண்டுபிடிக்க வேண்டும்.

கோப்பைத் திறந்து 'தமிழ்' என்ற சொல் வந்திருக்கும் என்று நீங்கள் நினைக்கிற இடத்தைப் பாருங்கள். முக்கால் என்ற பின்னக் குறி, தலையில் கோடு போட்ட பெரிய ஏ, சென்ட் நாணயக் குறி, தலையில் கோடு போட்ட சின்ன யூ என்று நான்கு உருக்கள் வரிசையாக இருந்தால் அது திஸ்கி என்ற பழைய தமிழ்க் குறியீட்டு முறை. ஜே, கே, பி, ஓ என்ற சாதாரண ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும் இருந்தால் அது பாமினி என்ற எழுத்துரு. அந்த அரைப்புள்ளிதான் 'ழ்' மேல் இருக்கும் புள்ளி. சார் யாஹூ குழுமங்களில் எழுதினார் என்கிறீர்கள். மரத்தடி, ராயர் காப்பி கிளப் என்று, மின்னஞ்சலிலேயே கூடிப் பேசும் மடலாடற்குழுக்கள் கொடிகட்டிப் பறந்த காலம். அங்கே திஸ்கி பரவலாகப் புழங்கியது, என் பந்தயம் அதன்மேல்தான்.

திஸ்கி என்றால் ஓர் அதிர்ஷ்டம். அதில் ஆங்கிலத்துக்கு ஒரு பாதி, தமிழுக்கு ஒரு பாதி என்று இடம் பிரித்திருப்பார்கள். சார் நடுவே ஏதாவது ஆங்கிலச் சொல்லோ ஆண்டுக் கணக்கோ எழுதியிருந்தாலும் மாற்றும்போது பத்திரமாக இருக்கும். பாமினி ஆங்கில எழுத்துகளின் இடத்திலேயே குடியேறிய எழுத்துரு. அதை மாற்றினால் இடையில் இருந்த ஆங்கிலச் சொல்லும் சேர்ந்து ஏதோ வாய்க்குள் நுழையாத தமிழாகிவிடும், கண்ணால் பார்த்துத்தான் திருத்த வேண்டும். மாற்றுவதற்கு என்எச்எம் மாற்றி போன்ற இலவசக் கருவிகள் இருக்கின்றன, யாருக்கும் காசு கொடுக்க வேண்டாம்.

மாற்றிய பிறகு வரும் பிழைகள் ஒரு மாதிரியானவை. திஸ்கியில் 'கொ' என்று எழுத, கண்ணுக்குத் தெரிகிற வரிசையிலேயே முதலில் கொம்பு, அப்புறம் க, அப்புறம் துணைக்கால் என்று மூன்றாக வைத்திருப்பார்கள். யூனிகோடில் முதலில் க, பிறகுதான் ஒகரக் குறி. மாற்றி தடுமாறினால் கொம்பு பக்கத்து எழுத்துக்குத் தாவிவிடும். துணைக்காலும் ரகரமும் இடம் மாறி நிற்கும். அவசரத்தில் தட்டச்சு செய்தவர்கள் ஒன்றுக்குப் பதில் மற்றதைப் போட்டிருப்பார்கள், திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரிந்ததால் கண்டுகொள்ளாமல் விட்டிருப்பார்கள். நாற்பது வருடம் விடைத்தாள் திருத்திய கண்ணுக்கு இதெல்லாம் தப்பாது. இந்த வேலையை மகனுக்குக் கொடுக்காதீர்கள், நீங்களே செய்யுங்கள்.

அதற்கு முன் சிடியை இன்னொரு முறை போட்டுப் போட்டுப் பார்க்க வேண்டாம். வீட்டில் எழுதிய சிடியின் உட்பூச்சு வருடங்களில் மங்கும். யூஎஸ்பியில் செருகும் சிடி டிரைவ் ஒன்றை யாரிடமாவது கடன் வாங்கி, ஒரே அமர்வில் எல்லாவற்றையும் கணினிக்கு நகலெடுத்துவிட்டு, சிடியைப் பெட்டியில் வைத்துவிடுங்கள்.

மகன் சொல்லும் ஃபேஸ்புக் யோசனை பற்றி. போடட்டும், வாரம் ஒரு பதிவாகப் போடட்டும். சாருடைய நண்பர்கள் இருந்தால் அங்கேதான் இருப்பார்கள், யாராவது ஒரு பழைய படத்தை எடுத்துக் கொடுக்கவும் கூடும். ஆனால் மூலப்பிரதியை அங்கே வைக்கக் கூடாது. ஆர்குட்டை 2014-இல் மூடினார்கள். கூகுள் பிளசை 2019 ஏப்ரலில். யாஹூ குழுமங்கள் 2020 டிசம்பரோடு சரி. ஒவ்வொன்றிலும் அப்போது 'எல்லாரும் இங்கேதானே இருக்காங்க' என்றார்கள். தவிர, ஃபேஸ்புக்கில் ஆறு மாதம் முன்பு போட்டதைத் தேடி எடுப்பதற்குள் போதும் போதுமென்றாகிவிடும். வயல்களுக்குத் தண்ணீர் பிரித்துவிடும் 'நீர்கட்டி' பற்றிச் சார் என்ன எழுதினார் என்று நாளைக்கு ஓர் ஆராய்ச்சி மாணவி தேடினால் வலைப்பூவில் கிடைக்கும், ஃபேஸ்புக்கில் கிடைக்காது.

ஏஐ கம்பெனிகள் எடுத்துக்கொள்ளுமா? எடுத்திருப்பார்கள், டீச்சர். பொதுவில் இருந்த பக்கங்களைப் பல வருடங்களாகவே எந்திரங்கள் அள்ளிக்கொண்டிருக்கின்றன. காமன் கிரால் என்ற அமைப்பு 2008 வாக்கிலிருந்து வலையைச் சேகரித்து யார் வேண்டுமானாலும் எடுக்கலாம் என்று வைத்திருக்கிறது. பிளாகர் அமைப்புகளில் ரோபாட்ஸ் கோப்பு என்று ஓரிடம் உண்டு, அதில் இன்னார் வரக்கூடாது என்று எழுதலாம். சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓப்பன்ஏஐயின் எந்திரத்தை அப்படித் தடுக்கலாம் என்று அவர்களே 2023-இல் சொன்னார்கள். மரியாதை தெரிந்தது கேட்கும், தெரியாதது சுவரேறிக் குதிக்கும். நானாக இருந்தால் திறந்தே விடுவேன். சார் எழுதியது நாலு பேர் படிக்க. வாய்க்கால் பெயர்கள், லஸ்கர் பேச்செல்லாம் ஏஐக்குத் தெரியாமலே இருப்பதைவிட, சார் எழுதியதிலிருந்து தெரிந்துகொள்வது மேல் என்பது என் எண்ணம். உங்களுக்கு மனம் ஒப்பவில்லை என்றால் தடுத்துவிடுங்கள், அது உங்கள் உரிமை. நம் சட்டப்படி எழுதியவர் காலத்துக்குப் பிறகு 60 ஆண்டுகள் பதிப்புரிமை வாரிசுகளுக்கு. இந்த 312 பதிவுகளும் இன்று உங்கள் குடும்பத்தின் சொத்து.

அந்த உரிமையை வைத்து ஒன்று செய்யலாம். நல்ல பதிவுகளாக நாற்பது, ஐம்பதைப் பொறுக்கி, பின்னூட்டங்களில் வந்த நல்ல தகவல்களை அடிக்குறிப்பாகச் சேர்த்து, ஒரு மின்னூலாக்குங்கள். 2013-இலிருந்து ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸ் தளத்தில் யாரும் பகிர்ந்துகொள்ள அனுமதிக்கும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தோடு தன்னார்வலர்கள் மின்னூல்களை வெளியிடுகிறார்கள். அந்த உரிமத்தைக் கொடுப்பதற்கு முன் யோசியுங்கள், கொடுத்தபின் திரும்ப வாங்க முடியாது. ஆனால் நாலு இடத்தில் பிரதி பரவ அதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. பத்துப் பிரதி அச்சடித்து, சார் வேலை பார்த்த அலுவலகத்துக்கு ஒன்று, ஊர் நூலகத்துக்கு ஒன்று என்று கொடுத்தால் அதற்கு ஓடிபியும் வேண்டாம், ரீசார்ஜும் வேண்டாம்.

கணக்குக்குள் நுழைந்துவிட்டால் வலைப்பூவின் அமைப்புகளில் உங்கள் ஜிமெயிலையும் மகனுடையதையும் நிர்வாகிகளாகச் சேர்த்துவிடுங்கள். அப்படியே உங்கள் சொந்த ஜிமெயிலிலும் செயலற்ற கணக்கு நிர்வாகி என்ற வசதியைத் திறந்து மகன் பெயரைக் கொடுங்கள். நீங்கள் குறிப்பிட்ட மாதங்கள், குறைந்தது மூன்று, கூடினால் பதினெட்டு, கணக்கைத் தொடாமல் விட்டால், நீங்கள் தேர்ந்தெடுத்த தரவு அவர் கைக்குப் போகும். சாருடைய கணக்கில் இதைச் செய்திருந்தால் இந்தக் கடிதமே தேவைப்பட்டிருக்காது. நானும் என் கணக்கில் போன மாதம்தான் செய்தேன், அதுவும் வீட்டில் திட்டு வாங்கிய பிறகு.

போனைத் திறந்தீர்களா, ஜிமெயில் உள்ளே விட்டதா என்று ஒரு வரி எழுதுங்கள். சிடியைக் கூரியரில் அனுப்பாதீர்கள். முதல் பக்கத்தில் தெரிகிற அந்தக் கிறுக்கலை அப்படியே போட்டோ எடுத்து அனுப்பினால் போதும், திஸ்கியா பாமினியா என்று நான் பார்த்துச் சொல்கிறேன்.